கண்ணோரச் சிவப்புக் கட்டி: கைக்குழந்தையின் பெற்றோர் கேட்பவை

கண் மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் பவர் பார்ப்பது என் வேலை. இமையிலோ கண்ணோரத்திலோ சிவப்பாகத் தடித்து வரும் ரத்தக்குழாய்க் கட்டியோடு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மருத்துவர்கள் அதை ஹெமாஞ்சியோமா என்பார்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றையும், மருத்துவர்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு என்ன மருந்து, எவ்வளவு என்பதைக் குழந்தையைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பிறந்தபோது முகம் தெளிவாக இருந்ததே, இருபதாம் நாள் இது எங்கிருந்து வந்தது?

இந்தக் கட்டி வருவதே அப்படித்தான். பிறக்கும்போது ஒன்றுமே இருக்காது. இருந்தாலும் வெளுத்த திட்டாகவோ, நகம் கீறியது போன்ற மெல்லிய சிவப்புக் கோடாகவோ இருக்கும். எறும்பு கடித்திருக்கும், கொசு கடித்திருக்கும் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியாது, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும். அதனால் இன்னும் தாமதமாகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது மேலெழும்பத் தொடங்கும்.

குழந்தைப் பருவத்தில் அதிகம் காணப்படும் கட்டி இதுதான். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு உடம்பில் எங்காவது வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், எடை குறைந்தவர்களுக்கும், இரட்டையருக்கும் சற்றுக் கூடுதல்.

கிரகணத்தன்று வெளியே போய்விட்டேன். அதனாலா?

இல்லை. கிரகணம், கர்ப்பத்தில் நிறைவேறாத ஆசை, சாப்பிட்ட பழம் எதுவும் இதற்குக் காரணமில்லை. ரத்தக்குழாயின் உட்சுவராக அமைய வேண்டிய செல்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வருவது இது. இந்தச் செல்களில் இருக்கும் க்ளட்-1 என்ற புரதம் நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களிலும் இருப்பதை 2000-ல் கண்டுபிடித்தார்கள். நஞ்சுக்கொடிக்கும் இந்தக் கட்டிக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது. தாய் செய்த எதற்கும் இதில் பங்கில்லை. இதைக் கேட்கும்போது பக்கத்தில் மாமியாரும் இருந்தால் நல்லது என்று நான் நினைப்பதுண்டு.

கேன்சரா?

இல்லை. வேறு இடத்துக்குப் பரவாது.

"தானாகவே அமுங்கிவிடும், விட்டுவிடுங்கள்" என்கிறார்களே?

இந்தப் பக்கத்தை நான் எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. முதல் சில மாதங்கள் வேகமாக வளரும், பிறகு நிற்கும், ஒரு வயதை ஒட்டிச் சுருங்கத் தொடங்கும், நான்கு வயதுக்குள் பெரும்பாலானவை அமுங்கிவிடும். முதுகிலோ தொடையிலோ இருந்தால் நானும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கண்ணருகே இருந்தால் கணக்கு வேறு. பிறந்த குழந்தையின் கண் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் தெளிவான படம் போனால்தான் மூளையில் இரண்டு கண்ணுக்கும் உரிய இடம் உருவாகும். முதல் மாதங்களில் ஒரு கண்ணிலிருந்து படம் வராமலோ மங்கலாகவோ இருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் நம்பத் தொடங்கும். ஹூபல், வீஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிவைத்துப் பார்த்தார்கள். சில வாரம் கழித்துத் திறந்தபோது கண்ணில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் அந்தக் கண்ணால் குட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லை. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது பார்வை போகவில்லை. இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. மேல் இமையில் தொங்கும் கட்டி, அந்தத் தையல் செய்த வேலையைச் செய்கிறது. இப்படி வரும் பார்வைக்குறையைச் சோம்பேறிக் கண் என்கிறோம். கண் சோம்பியிருப்பதாகப் பொருள் தருவதால் எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த சொல் அதுதான்.

நான்கு வயதில் கட்டி அமுங்கிவிடும். பார்வை உருவாக வேண்டிய காலமோ அதற்குள் பெரும்பகுதி கடந்திருக்கும். கட்டி தானாக மறையும் என்பதைக் கேட்டு, பார்வையும் தானாக வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டி கண்ணை மூடவில்லை. குழந்தை நன்றாகத்தானே பார்க்கிறது?

நான் பவர் பார்க்கும்போது அடிக்கடி திகைப்பது இங்கேதான். கொழுக்கட்டை மாவை உருட்டி வைத்து ஒரு பக்கம் விரலால் அழுத்தினால் உருண்டை கோணலாகுமல்லவா? இமையிலுள்ள கட்டி குழந்தையின் மெல்லிய கருவிழியை அப்படித்தான் அழுத்துகிறது. கருவிழி ஒரு திசையில் அதிகமாகவும் ஒரு திசையில் குறைவாகவும் வளைந்துபோகும். கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர் என்பார்கள். ஒரு கண்ணில் பூஜ்யம், மற்றக் கண்ணில் மூன்று சிலிண்டர் என்று மூன்று மாதக் குழந்தைக்கு வந்தால், அது நல்ல கண்ணைக் கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும், கிலுகிலுப்பைக்குக் கை நீட்டும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. இமை மூடிப்போவதால் பார்வை கெடுவதைவிட, இப்படிச் சத்தமில்லாமல் கெடுவதுதான் அதிகம்.

வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். குழந்தை பசியில்லாமல் விளையாடும்போது, முகத்தைத் தொடாமல் உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறையுங்கள், பிறகு மற்றதை. கட்டியுள்ள கண்ணை மறைத்தால் பேசாமல் இருந்து, நல்ல கண்ணை மறைத்தவுடன் அழுது கையைத் தள்ளினால், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி இருந்தால் பயமில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலிண்டர் குறைவாக இருக்கும்போது இந்தச் சோதனையில் தெரியாது.

தீட்டுக் கழியட்டும், பிறகு போகலாம் என்கிறார்கள். எப்போது காட்டுவது?

கட்டி வேகமாக வளர்வது ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை. மூன்றாம் மாதத்துக்குள் மொத்த வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் முடிந்துவிடும். நம் வீடுகளில் தாயும் பிள்ளையும் வெளியே வராத முப்பது நாற்பது நாளும் இந்த வளர்ச்சி தொடங்கும் நாட்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முதல்முறையாக வெளியே தூக்கி வருவது 45-ஆம் நாள் ஊசிக்கு. அன்று கட்டி பாய்ச்சலில் இருக்கும். தடுப்பூசி போடும் செவிலியரோ "75-ஆம் நாள் ஊசிக்கு வரும்போது பார்ப்போம்" என்று சொல்லக்கூடும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிக்கல் தரக்கூடிய இடத்தில் இருக்கும் கட்டியை ஒரு மாத வயதிலேயே நிபுணர் பார்ப்பது நல்லது என்கிறது. கண்ணைச் சுற்றிய இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கட்டியைக் காட்டிக் கேளுங்கள். பெரியவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: காய்ச்சல் வந்தால் தீட்டென்று பார்த்துக்கொண்டு இருப்போமா? அதுபோல் இதற்கும் கிளம்புங்கள்.

குழந்தைகள் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குப் போவதே உத்தமம். சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் குழந்தைக் கண் நிபுணர்கள் இருக்கிறார்கள். மருந்து தொடங்கக் குழந்தை மருத்துவரும் கூட இருக்க வேண்டும். போவதற்கு முன் வாரம் ஒரு போட்டோ, அதே ஜன்னல் வெளிச்சத்தில், குழந்தை அழாதபோது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழும்போது கட்டி உப்பும், அதை வளர்ச்சி என்று குழம்பிவிடுவோம். நான்கு போட்டோ வரிசையாக இருந்தால் மருத்துவர் அரை நிமிடத்தில் வேகத்தைக் கணித்துவிடுவார்.

சிவப்பே இல்லை, நீலமாக உப்பியிருக்கிறது. இதுவும் அதுதானா?

இருக்கலாம். தோலுக்கு அடியில் ஆழமாக இருப்பது நீலம் பாய்ந்த வீக்கமாகத் தெரியும். அது சற்றுத் தாமதமாகத் தொடங்கி அதிக நாள் வளரும். கண்குழிக்குள் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் கண் மட்டும் முன்னே தள்ளும்.

ஆனால் கண்ணருகே வருவதெல்லாம் இதுவல்ல. பிறந்த அன்றே இரண்டு இமையிலும் நெற்றியிலும் தட்டையாக இளஞ்சிவப்பு இருந்தால், பல குழந்தைகளுக்கு இருக்கும் சாதாரணத் திட்டு அது, ஓரிரு ஆண்டில் மங்கும். பிறந்ததிலிருந்தே ஒரு பக்க முகத்தில் ஒயின் கொட்டியது போன்ற அடர்ந்த தட்டைச் சிவப்பு இருந்தால் அது மறையாது. இமையைத் தொட்டிருந்தால் கண்ணழுத்த நோய் வரும் வாய்ப்புண்டு, அதற்கென்று பரிசோதனை வேண்டும். மூக்குப் பக்க மூலையில் நீல வீக்கம் என்றால் கண்ணீர்ப்பை அடைப்பாகவும் இருக்கலாம். கண் திடீரென்று முன்தள்ளினாலோ, காய்ச்சலோடு இமை வீங்கிச் சிவந்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, ஒரு சிறு விளக்கின் ஒளியைக் கண்ணில் அசைத்துப் பவரைக் கணக்கிடுவோம். குழந்தை எழுத்துப் படிக்க வேண்டியதில்லை, தூங்கினாலும் பார்த்துவிடலாம். பவர் ஒருமுறை பார்த்தால் போதாது. வளரும் காலத்தில் சில வாரத்துக்கு ஒருமுறை வரச்சொன்னால் தவறாமல் வாருங்கள், ஏனென்றால் சென்ற மாதம் இல்லாத சிலிண்டர் இந்த மாதம் இருக்கும்.

சிறிய மேலோட்டமான கட்டிக்கு ஸ்கேன் தேவைப்படாது. ஆழமாக இருந்தால் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். முகத்தில் 5 செ.மீ.க்கு மேல் ஒரு பகுதி முழுதும் பரவியிருந்தால் மூளை, கழுத்து, இதய ரத்தக்குழாய்களிலும் மாற்றம் இருக்கக்கூடும் (ஃபேஸ் நோய்க்குறி என்பார்கள்), அதனால் மருந்து தொடங்கும் முன்பே எம்.ஆர்.ஐ., எக்கோ கேட்பார்கள். உடம்பில் ஐந்தும் அதற்கு மேலும் கட்டிகள் இருந்தால் கல்லீரலையும் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

இதய மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தவறுதலாக எழுதிவிட்டார்களோ?

இல்லை, சரியான மருந்துதான். மருந்துக் கடைக்காரரே "யாருக்கு?" என்று இரண்டு முறை கேட்பார். ப்ரோப்ரனோலால் பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை. பிரான்சில் போர்தோ நகரத்தில், மூக்கில் பெரிய கட்டியிருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். குழந்தையின் இதயத் தசை தடிக்கவே ப்ரோப்ரனோலால் சேர்த்தார்கள். மறுநாளே கட்டியின் நிறம் மாறி அது மிருதுவானது. க்ரிஸ்டீன் லெயோத்தே-லாப்ரேஸும் உடன் பணிபுரிந்தவர்களும் இதையும் வேறு குழந்தைகளையும் பற்றி 2008-ல் எழுதினார்கள். 2015-ல் வந்த பெரிய ஆய்வில் 456 குழந்தைகள். ஆறு மாதம் மருந்து எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ அமுங்கியது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே கலக்காத வெற்றுக் கரைசல் எடுத்தவர்களில் 4 சதவீதத்தினருக்குத்தான்.

கண்ணைப் பொறுத்தவரை, சீக்கிரம் தொடங்கினால் கட்டி சுருங்குவதோடு சிலிண்டரும் குறைகிறது. தாமதமானால் கட்டி போய், கோணலான கருவிழி மட்டும் தங்கிவிடுவதைப் பார்க்கிறேன்.

மருந்து கொடுக்கும்போது வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 3 மி.கி. குறைவாகத் தொடங்கி ஏற்றுவார்கள். தொடங்கும் முன் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையையும் குறைமாதக் குழந்தையையும் மருத்துவமனையில் சேர்த்துத் தொடங்கச் சொல்வதுண்டு. குழந்தையின் எடை கூடக் கூட அளவு மாறும். மாத்திரையைப் பொடித்துக் கரைக்கச் சொன்னால் எத்தனை மில்லி தண்ணீர், அதில் எத்தனை மில்லி கொடுப்பது என்று எழுதி வாங்குங்கள். சிரப் என்றால் பாட்டில் மாறும்போதெல்லாம் அதன் அடர்த்தியைப் பாருங்கள், ஒரு கம்பெனி சிரப்பைப் போல் இன்னொன்றில் இரண்டு மடங்கு மருந்து இருக்கக்கூடும். அளவெடுக்க ஊசியில்லாத சிரிஞ்சுதான், பாலாடையும் ஸ்பூனும் வேண்டாம்.

இனிச் சொல்வதை மறக்கவே கூடாது. இந்த மருந்து ரத்தத்தில் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். பால் குடித்த பிறகோ குடிக்கும்போதோதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. ஆறு வாரத்துக்குட்பட்ட குழந்தைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பால் போக வேண்டும். வளர வளர இடைவெளி எவ்வளவு கூடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கினான்" என்று மகிழ்கிற காலம் இதுவல்ல, எழுப்பிப் பால் கொடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, பால் குடிக்க மறுத்தல் எது இருந்தாலும் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஒரு வேளை தவறினால் ஒன்றும் கெடாது. அடுத்த வேளை சேர்த்து இரட்டிப்பாகக் கொடுப்பதுதான் ஆபத்து. கொடுத்தவுடன் கக்கிவிட்டால் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

குழந்தை வியர்த்துச் சில்லிட்டு, துவண்டு, எழுப்பினால் எழாமல் இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் பாலோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இரண்டாவது, வீசிங். சளி பிடித்து இளைப்புச் சத்தம் வந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் சளிக்குக் காட்டினாலும் "ப்ரோப்ரனோலால் கொடுக்கிறோம்" என்பதை முதலில் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ.க்கோ வேறெதற்கோ மயக்க மருந்து கொடுக்கப் பட்டினி போடச் சொன்னால், அங்கேயும் சொல்ல வேண்டும்.

கை கால் ஜில்லென்று இருப்பதும் தூக்கத்தில் சிணுங்குவதும் சகஜம், பயப்பட வேண்டாம்.

சொட்டு மருந்து மட்டும் போதாதா?

மெல்லிய, தட்டையான, மேலோட்டமான சிறு கட்டிக்கு டிமோலால் 0.5 சதவீதச் சொட்டைக் கட்டியின்மேல் தடவச் சொல்வார்கள். கண்ணழுத்த நோய்க்கு விடும் அதே சொட்டுதான். தடித்த கட்டிக்கும் ஆழமான கட்டிக்கும் அது எட்டாது. தோல் வழியாக உடம்புக்குள்ளும் போகும் மருந்து என்பதால், வெளிப்பூச்சுதானே என்று சொன்னதற்கு மேல் தடவக் கூடாது. குறைமாதக் குழந்தையிடமும் புண்ணாகிவிட்ட கட்டியிலும் இன்னும் கவனம் வேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி, லேசர், ஆபரேஷன்?

2008-க்கு முன் ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. கட்டிக்குள் ஊசி போட்டபோது மருந்து விழித்திரை ரத்தக்குழாயை அடைத்துப் பார்வை போனதும் அரிதாக நடந்திருக்கிறது. இன்று ப்ரோப்ரனோலால் கொடுக்க முடியாத சில குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு தருகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாமல் இமையை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியை அறுத்து எடுப்பதுண்டு. லேசர் பெரும்பாலும் பின்னாளில் தங்கிவிட்ட சிவப்புக் கோடுகளுக்கு.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடலாமா? கண்மை வைத்து மறைக்கலாமா?

வேண்டாம். சுண்ணாம்பு அந்த மெல்லிய தோலை அரித்துப் புண்ணாக்கும், கண்ணுக்குள் போனால் கருவிழியையே வெந்துபோகச் செய்யும். ஊசியால் குத்திக் "கெட்ட ரத்தம்" எடுப்பதும், தலைமுடி கட்டி அறுப்பதும், சூடு வைப்பதும் கூடவே கூடாது. கடையில் வாங்கும் சில மையில் ஈயம் இருக்கிறது, கட்டி இல்லாத குழந்தைக்கும் அது வேண்டாம். கண்ணேறு கழிக்க ஆசைப்பட்டால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கசிந்தால்?

சுத்தமான துணியால், விழியின்மேல் அழுத்தம் விழாமல், ஐந்து பத்து நிமிடம் மெதுவாகப் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டாலோ, கட்டியின் மேல் வெள்ளையாகப் புண் தெரிந்தாலோ காட்ட வேண்டும். குழந்தையின் நகங்களை வெட்டி வையுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

ப்ரோப்ரனோலாலோ டிமோலாலோ தடுப்பூசிக்குத் தடையில்லை. ஆனால் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசி போட்ட இரவு காய்ச்சலில் குழந்தை பால் குறைவாகக் குடிக்கும். அன்று மருந்து கொடுக்கும் முன் பால் எவ்வளவு போனது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாய்வழி ஸ்டீராய்டு கொடுத்தால் மட்டும் போலியோ, ரோட்டா சொட்டு, தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம். செவிலியரிடம் சீட்டைக் காட்டுங்கள்.

எப்போது நிறுத்துவது? திரும்ப வருமா?

பெரும்பாலும் ஒரு வயது வரையாவது தொடர்வார்கள். ஆறாம் மாதத்தில் கட்டி அமுங்கியதே என்று நீங்களாக நிறுத்தினால் மறுபடி எழும்பக்கூடும். சொல்லி நிறுத்தினாலும் சில குழந்தைகளுக்குத் திரும்ப வருகிறது, அப்போது மீண்டும் சில மாதம் மருந்து. எனவே நிறுத்திய பிறகும் போட்டோ எடுப்பதை விடாதீர்கள்.

கட்டிதான் போய்விட்டதே, இன்னும் எதற்குக் கண்ணாடியும் பட்டையும்?

கட்டி போன பிறகும் சிலிண்டர் இருந்தால் கண்ணாடி போட்டால்தான் அந்தக் கண்ணுக்குத் தெளிவான படம் போகும். ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட கண் என்றால் கண்ணாடியும் தனியாகப் போதாது. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பட்டை ஒட்டி மறைத்து, மூளையை இந்தக் கண்ணைப் பயன்படுத்த வைக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது வயதையும் குறையையும் பொறுத்தது. அதிகமாக ஒட்டினால் நல்ல கண் பின்தங்கும், அதனால் நீங்களாகக் கூட்டாதீர்கள்.

குழந்தை பிய்த்துப் போடும், அழும். முதல் வாரம் கடினம்தான். சோறு ஊட்டும் நேரத்திலும், தெருவில் வேடிக்கை காட்டும் நேரத்திலும் ஒட்டிப் பாருங்கள், கவனம் வேறெங்கோ இருக்கும்போது கை பட்டைக்குப் போகாது. "பொண்ணுக்குக் கண்ணாடியா" என்று கேட்கும் உறவினர் முன்பு கழற்றி வைக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒரு மணி நேரமும் கணக்கில்தான் வரும். ஆறேழு வயது வரை, கட்டி இருந்த இடமே தெரியாமல் போனாலும், வருடம் ஒருமுறையாவது பவர் பார்க்க அழைத்து வாருங்கள். வரும்போது அந்தப் பழைய போட்டோக்கள் இருக்கும் போனையும் கொண்டு வாருங்கள்.